இலவச ஷட்டிலும் 11.11 சதவீதமும்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வருகிற நம் வயதுக்காரர்கள் சொல்லும் கதைகளில் ஒன்று எல்லோருக்கும் பொது. விடுமுறைக்கென்று உள்நாட்டு விமானத்தில் ஏதோ ஓர் ஊருக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். இறங்கியாயிற்று, பெட்டி வந்தாயிற்று. வாடகைக் காருக்கு வழி காட்டும் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து வெளியே வந்தால் கார் இருக்காது, ஒரு பேருந்து நிற்கும். பெட்டிகளோடு அதில் ஏறிப் பத்து நிமிடம் போய், வேறொரு பெரிய கட்டடத்தில் இறங்கி, அங்கே வரிசையில் நின்ற பிறகுதான் கார் சாவி கைக்கு வரும். "இவ்வளவு வசதி படைச்ச நாட்டுல காரை வாசல்ல கொண்டாந்து நிறுத்தக் கூடாதாய்யா?" என்று கடற்கரைச் சாலை நடையின்போது ஒரு நண்பர் கேட்டார்.

ஒரு காலத்தில் வாசலில்தான் நிறுத்தினார்கள். அங்கிருந்து அது எப்படி 3 மைல் தள்ளிப் போனது என்பதை நண்பருக்கு நடையிலேயே கொஞ்சம் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். இடநெருக்கடி ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முன்னால் குத்தகை, சதவீதம், மேல்வரி என்று நமக்குப் பழக்கமான சங்கதிகள் இருக்கின்றன. ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்புகளில் கூட்டல் சரிபார்த்தவனுக்கு இந்த வரலாறு சலிக்காது.

வாடகைக் கார் என்றால் இங்கே ஓட்டுநர் இல்லாமல், நாமே ஓட்டிக்கொண்டு போவது. ஜெர்மனியின் மூனிச் நகரில் மார்ட்டின் ஜிக்ஸ்ட் என்பவர் 1912லேயே 3 கார்களை வைத்து வாடகைத் தொழில் தொடங்கிவிட்டார். அமெரிக்காவில் இந்தத் தொழிலின் முன்னோடியாகப் பெரும்பாலும் சொல்லப்படுபவர் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரின் ஜோ சாண்டர்ஸ். 1916இல் ஒரு ஃபோர்டு மாடல் டி காரின் முன்சக்கரத்தில் மைல் எண்ணும் மீட்டரை மாட்டி, மைலுக்கு 10 சென்ட் என்று வாடகைக்கு விட்டார். இரண்டு ஆண்டு கழித்துச் சிகாகோவில் வால்ட்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் ஒரு டஜன் மாடல் டி கார்களோடு இறங்கினார். பழுது பார்ப்பதும் அவரே. தொழில் வளர்ந்தது. 1923இல் அதை ஜான் ஹெர்ட்ஸ் வாங்கினார். மஞ்சள் டாக்ஸி கம்பெனி நடத்தியவர் இவர். பெயர் அவருடையதாகிவிட்டது. ஜேக்கப்ஸ் கம்பெனியிலேயே இருந்து நடத்தினார் என்றாலும் அவர் பெயர் எந்தப் பலகையிலும் ஏறவில்லை. 1926இல் ஹெர்ட்ஸும் அதை ஜெனரல் மோட்டார்ஸுக்கு விற்றுவிட்டார்.

அந்த நாளில் வெளியூர்க்காரர் வந்து இறங்குகிற இடம் ரயில் நிலையம். கார்கள் நின்றது நகரத்துக் கராஜ்களில். 1932இல் சிகாகோ நகராட்சி விமான நிலையத்தில் ஹெர்ட்ஸ் ஒரு கிளை திறந்தது. இப்போது மிட்வே என்று அழைக்கப்படும் நிலையம்தான் அது. விமான நிலையத்தில் வாடகைக் கார் என்ற எண்ணத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. ஆனால் அப்போது விமானத்தில் வந்தவர்கள் எத்தனை பேர்? அதனால் அது ஓர் ஓரத்துக் கடையாகவே இருந்தது.

திருப்பம் யுத்தத்துக்குப் பிறகு வந்தது. மிச்சிகன் மாநிலத்தில் வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு கம்பெனி யுத்த காலத்தில் 8,000க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்களைச் செய்து தள்ளியது. யுத்தம் முடிந்ததும் அந்த ஓடுதளத்தையே டெட்ராய்ட் நகரத்துக்குப் பயணிகள் விமான நிலையமாக்கினார்கள். நகரத்திலிருந்து அது ஏறக்குறைய 30 மைல். இறங்கியவர் ஊருக்குள் போவதே ஒரு பயணம். வாரன் ஏவிஸ் என்பவர் ராணுவ விமானியாக இருந்தவர். எந்த ஊரில் இறங்கினாலும் அதன் பிறகு நகர வண்டி கிடைக்காத தொல்லையை அனுபவித்தவர். அவர் 1946இல் 85,000 டாலர் முதல் போட்டு, 3 கார்களுடன், வில்லோ ரன் நிலையத்துக்குள்ளேயே கடை போட்டார். மற்றவர்கள் நகரத்தில் கடை வைத்து விமான நிலையத்தில் கிளை வைத்தார்கள் என்றால், இவர் விமான நிலையத்தையே கடைத்தெருவாக்கினார். 1954இல் அவர் தொழிலை விற்றபோது விலை 80 லட்சம் டாலர்.

1950களிலும் 60களிலும் பெட்டி எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவுன்ட்டர், கதவைத் திறந்தால் எதிரே கார் என்று இருந்தது. ஹெர்ட்ஸ் முதலிடம், ஏவிஸ் அடுத்தது, நேஷனல் மூன்றாவது. 1962இல் ஏவிஸ் 'நாங்கள் இரண்டாமிடம்தான், அதனாலேயே கூடுதலாக உழைக்கிறோம்' என்ற கருத்தில் செய்த விளம்பரம் விளம்பர உலகில் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் முதலும் இரண்டும் மூன்றும் யார் யாருக்கு என்று அடித்துக்கொண்டாலும், நாலாவது ஆள் உள்ளே வரக்கூடாது என்பதில் மூவருக்கும் ஒரே மனசு. விமான நிலையத்தில் கவுன்ட்டர் இடம் குறைவு. அதை ஏலத்திலோ ஒப்பந்தத்திலோ பிடிக்க வேண்டும். அதற்குக் கன்செஷன் என்று பெயர். நம் கணக்கில் குத்தகை. மொத்த வசூலில் 10 சதவீதம் விமான நிலையத்துக்கு என்பது நாளடைவில் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. மூன்று பெரிய கம்பெனிகளும் சேர்ந்து மற்றவர்களை விமான நிலையங்களுக்கு வெளியே நிறுத்துகின்றன என்று மத்திய வணிக ஆணையமே 1975இல் புகார் தொடுத்து, அடுத்த ஆண்டு ஒரு சமரச உத்தரவில் அது முடிந்தது.

உள்ளே இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? விமான நிலைய மதிலுக்கு வெளியே, நிலம் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் ஒரு காலிமனையைப் பிடித்தார்கள். கார்களை அங்கே நிறுத்தினார்கள். வாடிக்கையாளரை அழைத்துவர ஒரு வேனை வாங்கி, பக்கவாட்டில் பெரிதாகப் பெயர் எழுதி, டெர்மினல் வாசலுக்கும் மனைக்கும் நடுவே ஓட்டினார்கள். ஷட்டில் பிறந்த கதை இவ்வளவுதான். கவுன்ட்டர் வாடகையை மிச்சம் பிடிப்பதற்காக வந்த வண்டி அது. மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு வாடிக்கையாளருக்கும் வந்தது. எனவே பத்து நிமிடம் குலுங்கிக்கொண்டு போவதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இந்த ஷட்டில் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நெசவில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு பாவு நூல்களுக்கு ஊடே இப்படியும் அப்படியும் ஓடுகிற கட்டைக்குத்தான் ஆங்கிலத்தில் ஷட்டில். பிரஞ்சிலும் அதே கதை. பாரீஸ் விமான நிலையத்துப் பேருந்தில் நவேத் என்று எழுதியிருக்கும். பள்ளியில் எங்களுக்கு நவேத் என்றால் முதலில் தறிக்கட்டைதான். சின்னக் கப்பல் போன்ற வடிவம் என்பதால், கப்பலைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். தமிழில் அந்தக் கட்டைக்கு நாடா என்றும் ஓடம் என்றும் பெயர். ஓடம் என்றாலும் படகுதான்! ரோடியர் மில் சங்கு கேட்டு வளர்ந்த நமக்கு, ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிக்காரர்கள் தறிக்கட்டையில் ஒரே படகைப் பார்த்தார்கள் என்பது சந்தோஷம் தரும் செய்திதான். வாடகைக் கார் வண்டிகளும் அதே மாதிரி நாள் முழுக்க ஒரே கோட்டில் போய்ப் போய் வந்தன.

இந்த மதிலுக்கு வெளியேயான வியாபாரம் பெரிதானது விடுமுறைக்காரர்களால். 1958இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய பட்ஜெட் கம்பெனி பெயரிலேயே யாரை அழைக்கிறது என்று சொல்லிவிட்டது. 1971இல் ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் டிஸ்னி வேர்ல்டு திறந்தது. 1974இல் அதே ஃபுளோரிடாவில் அலாமோ வந்தது. அதுவரை நாள் வாடகை தனி, ஓடுகிற மைலுக்குத் தனி என்று வாங்குவது வழக்கம். அலாமோ, எத்தனை மைல் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள், நாள் வாடகை மட்டும் கொடு என்றது. 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டை எடுத்தது. போட்டியில் டிக்கெட் விலை இறங்க, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் பறக்க ஆரம்பித்தார்கள். கம்பெனி வேலையாக வருகிறவருக்கு வாடகையைக் கம்பெனி கொடுத்துவிடும், அவருக்குக் கார் வாசலில் இருந்தால் சரி. மனைவி மக்களோடு வருகிறவர் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். நாளைக்கு ஐந்து டாலர் குறைவென்றால் அவர் பேருந்தில் ஏறிவிடுவார்.

1975 முதல் ஹெர்ட்ஸ் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் போட்டது. ஓ.ஜே. சிம்ப்சன் என்ற பிரபல கால்பந்து வீரர், கோட்டும் சூட்டுமாக, விமான நிலையத்துக்குள் தடைகளைத் தாண்டிக் குதித்து ஓடி நேராகப் போய்க் காரில் ஏறுவார். பிற்காலத்தில் அவர் வேறு காரணத்துக்காக உலகமெல்லாம் அறியப்பட்டார், அது இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது, அந்த விளம்பரம் விற்றது வேகத்தை. பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். வேகத்தை அந்தப் பெரிய கம்பெனிகள் விற்க, மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் சிக்கனத்தை விற்றார்கள்.

விமான நிலைய அதிகாரிகள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்களா? பயணி எங்கள் ஓடுதளத்தில் இறங்கி, எங்கள் கட்டடத்தில் பெட்டி எடுத்து, எங்கள் வாசலில் உன் வண்டியில் ஏறுகிறார். உள்ளே இருப்பவன் 10 சதவீதம் கட்டுகிறான், நீ மட்டும் ஏன் கட்டக்கூடாது என்று கேட்டார்கள். வெளியே இருந்தவர்களோ, எங்கள் மனை எங்கள் சொந்த மனை, உங்கள் சாலையில் பேருந்து ஓடுவதற்கு வேண்டுமானால் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளுங்கள், எங்கள் வசூலில் பங்கு கேட்க நீங்கள் யார் என்றார்கள். ஃபுளோரிடாவில் சரசோட்டா விமான நிலையத்துக்கும் அலாமோவுக்கும் இந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 1990இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விமான நிலையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சாலையைப் பயன்படுத்துவதற்கு மட்டுமல்ல, விமான நிலையம் என்ற சந்தை கொண்டுவந்து தருகிற வியாபாரத்துக்கும் கட்டணம் கேட்கலாம் என்று ஆயிற்று. சட்டம் அப்படி. என் அபிப்பிராயத்தில் அலாமோ கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அந்த 10 சதவீதத்தைக் கம்பெனிகள் தங்கள் லாபத்திலிருந்து கொடுத்துவிடவில்லை. ரசீதில் தனி வரியாகப் போட்டு வாடிக்கையாளரிடம் வாங்கினார்கள். இங்கேதான் தலைப்பில் உள்ள எண் வருகிறது. அமெரிக்க வாடகைக் கார் ரசீதுகளில் 'கன்செஷன் ஈடுகட்டல்' என்ற வரியில் பல ஊர்களில் 11.11 சதவீதம் என்று இருக்கும். விமான நிலையம் கேட்பது 10, இவர்கள் வாங்குவது 11.11. ஏன்?

காரணம் நம்மைப் போன்ற கணக்குக் குமாஸ்தாக்களுக்குப் பிடித்தமானது. வாடகை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்கு அந்த 100 முழுசாக வேண்டும். மேலே 10 டாலர் சேர்த்து 110 வாங்கினால், விமான நிலையம் அந்த 110க்கும் 10 சதவீதம் கேட்கும், ஏனென்றால் ஒப்பந்தம் மொத்த வசூலின் மேல். 11 டாலர் போனால் மிச்சம் 99. ஒரு டாலர் நஷ்டம். ஆகவே 111 டாலர் 11 சென்ட் வாங்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு 11 டாலர் 11 சென்ட் போக, மிச்சம் சரியாக 100. அதாவது கட்டணத்தின் மேலும் கட்டணம். கணக்கு சுத்தம், ஒரு தப்பும் இல்லை. கொடுப்பவர் மட்டும் நாம்.

1990களில் இன்னொரு சிக்கல் முற்றியது. எல்லாக் கம்பெனியும் தனித்தனி பேருந்து ஓட்டியதால், டெர்மினல் வாசலில் பாதி காலியான பேருந்துகள் ஒன்றின் பின் ஒன்றாகப் புகை கக்கிக்கொண்டு நின்றன. நம் கம்பெனியின் வண்டி எது என்று பெயரைத் தேடிப் பார்த்துக் கை காட்டி ஏற வேண்டும். விமான நிலையங்களும் விரிவடைந்துகொண்டிருந்தன. வாசலருகே கார் நிற்கும் இடம் கட்டடத்துக்கும் நிறுத்துமிடத்துக்கும் தேவைப்பட்டது. அப்போது வந்த யோசனை, எல்லாக் கம்பெனிகளையும், உள்ளே இருந்த பெரியவர்களையும் சேர்த்து, தொலைவில் ஒரே பெரிய கட்டடத்துக்குள் குடிவைத்துவிடுவது. வாசலிலிருந்து ஒரே பொதுப் பேருந்து. சான் பிரான்சிஸ்கோ இதை 1990களின் இறுதியில் செய்து, 2003இல் பேருந்துக்குப் பதில் குட்டி ரயில் விட்டது. ஃபீனிக்ஸில் 2006, லாஸ் வேகஸில் 2007, அட்லாண்டாவில் 2009, மயாமியில் 2010 என்று வரிசையாகத் திறந்தார்கள்.

இப்படித்தான் தலைகீழானது. சிக்கனத்துக்காக ஏழைக் கம்பெனிகள் கண்டுபிடித்த பேருந்தில் இப்போது எல்லோரும் ஏறியாக வேண்டும். முன்பு பேருந்தில் ஏறினால் வாடகை குறையும். இப்போது ஏறுவதற்கே காசு. அந்தக் கட்டடத்துக்கும் பொதுப் பேருந்துக்கும் சேர்த்து வாடிக்கையாளர் வசதிக் கட்டணம் என்று நாளொன்றுக்கு இத்தனை டாலர் ரசீதில் ஏறுகிறது. சில ஊர்களில் கட்டடம் எழும்புவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வசூலிக்கத் தொடங்கினார்கள். பேருந்தின் மேல் இலவசம் என்றுதான் எழுதியிருக்கும், அது பொய்யும் இல்லை. ஏறும்போது யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

2016இல் மகளும் மருமகனும் எங்கள் இருவரையும் கிராண்ட் கேன்யன் பார்க்க லாஸ் வேகஸ் வழியாகக் கூட்டிப்போனார்கள். வாசலில் பேருந்தைப் பார்த்ததும் என் மனைவி, "இன்னும் ஒரு வண்டியா? காரு எங்கடி?" என்று மகளைக் கேட்டாள். "இன்னும் மூணு மைலும்மா, உட்காந்துக்கிட்டே போயிடலாம்" என்றாள் மகள். மூட்டு வலிக்காரிக்குப் படி உயரம். ஓட்டுநர் ஒரு நடுத்தர வயது அம்மாள், ஏதோ பொத்தானை அமுக்கினார். புஸ்ஸென்று காற்று இறங்கி, யானை முன்காலை மடக்குவது மாதிரி பேருந்து வாசல் பக்கம் சாய்ந்து தாழ்ந்தது. பெட்டிகளை அவரே தூக்கி அடுக்கினார். இறங்கும்போது மருமகன் இரண்டு டாலர் கொடுத்தார். "இது கட்டாயமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "இல்ல மாமா, ஆனா இங்க இவங்களுக்குக் கொடுக்கறதுதான் பழக்கம்" என்றார். அந்தப் பயணம் முழுவதிலும் எந்தப் பட்டியலிலும் ஏறாத செலவு அது ஒன்றுதான்.

மறுநாள் அறையில் உட்கார்ந்து ரசீதை வாங்கிப் படித்தேன். மகள் சிரித்தாள், "அப்பா இன்னும் ஆபீஸ்லதான் இருக்காரு" என்று. வாடகைக்குக் கீழே ஒரு வால் நீண்டது. கன்செஷன், வசதிக் கட்டணம், மாநில அரசின் வரி, பிறகு கிளார்க் கவுண்டி வரி. நம்மைப் போன்ற கிளார்க்குகளுக்கான மாவட்டம் என்று நினைக்க வேண்டாம். ரயில் பாதை போட்ட வில்லியம் கிளார்க் என்ற செனட்டரின் பெயர் அது. அந்தக் கவுண்டியின் வாடகைக் கார் வரி எதற்குத் தெரியுமா? லாஸ் வேகஸில் 2012இல் திறந்த ஸ்மித் சென்டர் என்ற இசை நாடக அரங்கம் கட்ட வாங்கிய கடனை அடைக்க. பக்கத்து மாநிலமான அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பகுதி வாக்காளர்கள் 2000ஆம் ஆண்டில் ஓட்டுப் போட்டு, ஹோட்டல் அறைக்கும் வாடகைக் காருக்கும் மேல்வரி விதித்தார்கள். அதில் கட்டியது கார்டினல்ஸ் அணிக்கான விளையாட்டு அரங்கம், 2006இல் திறந்தது. வண்டி சம்பந்தப்பட்ட வரியைச் சாலைக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று ஒரு சிறிய வாடகைக் கார் கம்பெனி வழக்குப் போட்டது. கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தது. 2019இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

எனக்கு உறுத்துவது தொகை அல்ல. வாடகைக் காரில் வருகிறவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். அவருக்கு அங்கே ஓட்டு இல்லை. உள்ளூர் மேயரோ கவுன்சிலரோ அவர் கோபத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. திரும்பிப் போய்விடுவார், அடுத்து வேறொருவர் இறங்குவார்.

பிரஞ்சுப் பாடப் புத்தகத்தில் ஒக்த்ருவா என்று ஒரு வரி படித்தோம், நம் வட்டத்தில் சிலருக்கு நினைவிருக்கும். ஊர் வாசலில் உள்ளே வருகிற சரக்குக்குப் போடும் சுங்கம். பாரீஸில் அதற்கென்றே ஊரைச் சுற்றி மதிலும், மண்டபம் போன்ற சுங்கச் சாவடிகளும் கட்டினார்கள். 1789 ஜூலையில் பாஸ்டில் கோட்டை விழுவதற்கு இரண்டொரு நாள் முன்னால் ஜனங்கள் கொளுத்தியது அந்தச் சாவடிகளைத்தான். நம் உறவுக்காரர்கள் வாழும் ரீயூனியன் தீவில், கடல் வழி வரும் சரக்குக்கு அந்தப் பெயரிலேயே ஒரு வரி இன்றும் இருக்கிறது. ஆனால் பாரீஸில் கொளுத்தியவர்கள் அந்த ஊர்க்காரர்கள், விலையேற்றம் அவர்கள் வயிற்றில் அடித்தது. வாடகைக் கார்க்காரர் அப்படி ஒன்று சேர வழியில்லை. பேருந்தில் பத்து நிமிடம் ஒன்றாக இருக்கிறார்கள், பிறகு திசைக்கொருவராகப் பிரிந்துவிடுகிறார்கள்.

வால் நீளாமல் கார் எடுக்க முடியாதா என்று கேட்டால், ஓரளவு முடியும். 1957இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஜாக் டெய்லர் தொடங்கிய கம்பெனி, பிற்பாடு என்டர்பிரைஸ் என்று பெயர் பெற்றது, பல காலம் விமான நிலையத்தை எட்டியே பார்க்கவில்லை. கார் பழுதாகி நிற்கிற உள்ளூர்க்காரருக்குப் பேட்டைதோறும் சின்னக் கடை வைத்து வாடகைக்கு விட்டே பெரிதானது. அப்படி ஊருக்குள் இருக்கும் கிளையில் எடுத்தால் கன்செஷனும் வசதிக் கட்டணமும் பெரும்பாலும் இருக்காது. அங்கே போக டாக்ஸிச் செலவு உண்டு, ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் எடுப்பதானால் கூட்டிப் பார்க்கலாம். இரண்டு நாளுக்கென்றால் வேண்டாம், அலைச்சல்தான் மிச்சம். பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனிலேயே இரண்டு விலையையும் ஒப்பிட்டுக் காட்டிவிடுவார்கள்.

பழைய சண்டையும் ஓயவில்லை. சொந்தக் காரையே முன்பின் தெரியாதவருக்கு வாடகைக்கு விட வழி செய்யும் டூரோ என்ற கம்பெனி மீது, விமான நிலையத்துக்குரிய கட்டணத்தைக் கட்டவில்லை என்று 2018இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் வழக்குப் போட்டது. நாங்கள் வாடகைக் கார் கம்பெனியே இல்லை, காருக்குச் சொந்தக்காரரையும் வேண்டியவரையும் சேர்த்து வைப்பவர்கள் என்றது டூரோ. சரசோட்டாவில் காலிமனைக்காரர் நின்ற இடத்தில் இப்போது காலிமனைகூட இல்லாதவர் நிற்கிறார்.

ஃபீனிக்ஸில் 2006 முதல் டெர்மினலுக்கும் வாடகைக் கார் கட்டடத்துக்கும் நடுவே ஓடிய பேருந்துகளை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். விமான நிலைய ரயிலை அந்தக் கட்டடம் வரை நீட்டியாயிற்று. சில நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, படி கிடையாது, நடைமேடையும் ரயில் தளமும் சமமாக இருப்பதால் பெட்டியை உருட்டிக்கொண்டே ஏறிவிடலாம், மூட்டு வலிக்காரர்களுக்கு நிம்மதி. ரயிலில் ஓட்டுநர் கிடையாது. பெட்டியை நாமேதான் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டு டாலர் கொடுப்பதற்கும் ஆள் இல்லை.